கேட்கத் தெரிந்து போவோம்: யாழ்ப்பாணத்தில் முக்கிய தகவலாளர் நேர்காணலும் பங்குதாரர் கலந்தாய்வும்

செயற்திட்ட ஆய்வு ஒன்றில் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் வாரத்திலேயே வருகிற வேலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பத்து கே.ஐ.ஐ. எடுங்கோ, பிறகு ஒரு ஸ்டேக்ஹோல்டர் மீற்றிங் வையுங்கோ." எப்படி எடுப்பது, யாரை அழைப்பது, கேட்டதை வைத்து என்ன செய்வது என்று சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. இறுதி ஆண்டு ஆய்வு செய்யும் மாணவர்களையும், தொண்டு நிறுவனங்களில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தவர்களையும், திணைக்களங்களின் திட்டமிடல் பகுதிக்குப் புதிதாக வந்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கே.ஐ.ஐ. என்பது முக்கிய தகவலாளர் நேர்காணல். ஒரு விடயத்தைக் கிட்ட நின்று அறிந்த ஒருவரோடு தனியாக இருந்து, அவருக்குத் தெரிந்ததை ஆழமாகக் கேட்பது. பங்குதாரர் கலந்தாய்வு வேறு வேலை. திட்டத்தால் நன்மையோ பாதிப்போ அடையப் போகிறவர்களையும் அதில் அதிகாரம் உள்ளவர்களையும் கூட்டி, திட்டத்தை அவர்கள் முன் வைத்து, முடிவெடுக்கும் முன்பே அவர்களுடைய கருத்தைப் பெறுவது. முதலாவதில் நீங்கள் அறிவைத் தேடிப் போகிறீர்கள். இரண்டாவதில் முடிவில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்தில் இரண்டையும் ஒரே மண்டபத்தில், ஒரே பிற்பகலில் முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. கிராம சேவையாளரையும் சங்கத் தலைவர்களையும் அழைத்து, ஒரு மணித்தியாலம் கதைத்து, கையெழுத்து வாங்கி, அறிக்கையில் இரண்டு தலைப்பிலும் எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஆழமான தகவலும் கிடைக்காது, மக்களின் சம்மதமும் கிடைக்காது. ஆகவே முதலில் இரண்டையும் பிரித்து வையுங்கள். வழக்கமான ஒழுங்கு, நேர்காணல்கள் முதலில், கலந்தாய்வு பிறகு. நேர்காணல்களில் விடயத்தை விளங்கிக்கொண்டு போனால்தான் கலந்தாய்வில் உருப்படியான கேள்வியோடு மக்கள் முன் நிற்கலாம்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் வீட்டுக் கிணற்று நீரின் தரத்தை மேம்படுத்த ஒரு திட்டம் வரப்போகிறது, அதற்கான ஆய்வு உங்கள் கையில்.

போகும் முன் வாசியுங்கள்

கடதாசியில் இருப்பதை மனிதரிடம் கேட்டு அவருடைய நேரத்தை வீணாக்கக் கூடாது. எத்தனை குடும்பங்கள், எத்தனை கிணறுகள் என்ற விபரங்கள் பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேட்டிலும் இருக்கும். திணைக்களங்களிடம் உள்ள பரிசோதனை முடிவுகளைக் கேட்டால் தராமல் இழுத்தடித்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பிக்கலாம்.

விடயத்தின் அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். குடிநீரும் தோட்டத்துக்கான இறைப்பும் சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரை நம்பியே நடக்கின்றன. அந்த நன்னீர், கீழே இருக்கும் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு சவராகிவிடும். தோட்டத்துக்குப் போடும் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் அதனால் ஆபத்து கூட. இவ்வளவும் தெரிந்தவராகப் போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்களோடு கதைக்கும் விதமே மாறும்.

யாரைக் கேட்பது

பட்டியலைப் பதவியிலிருந்து தொடங்காதீர்கள். "இந்தக் கேள்விக்கு விடை யாருடைய அன்றாட வேலைக்குள் இருக்கிறது?" என்று தொடங்குங்கள். கிணற்று நீர் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், விவசாயப் போதனாசிரியர், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறியியலாளர், பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரைப் படிப்பவர் ஆகியோர் நிச்சயம் வேண்டும். அதோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கிணறு இறைத்துத் துப்பரவாக்கும் தொழிலாளி, மோட்டர் திருத்துபவர், உரக்கடைக்காரர், பவுசரில் தண்ணீர் கொண்டுபோகும் சாரதி, வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோருக்குத் தெரிவது எந்தக் கோப்பிலும் இருக்காது. எந்த ஒழுங்கையில் எந்த மாதம் தண்ணீர் சவர்க்கத் தொடங்குகிறது என்பதைச் சாரதியைவிடத் திருத்தமாகச் சொல்லக்கூடியவர் இருப்பது அரிது. அவருடைய வருமானமே அதில்தான் இருக்கிறது. வெங்காயச் செய்கைக்கு உண்மையில் எத்தனை தரம், எவ்வளவு யூரியா போகிறது என்று உரக்கடைக்காரரின் கணக்குக் கொப்பிக்குத் தெரியும்.

எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிறிய ஆய்வுக்கு 15 இலிருந்து 25 பேர் வரை பொதுவாகப் போதும். ஒவ்வொரு வகையிலும் இரண்டு பேராவது இருக்கட்டும். அடுத்தடுத்த நேர்காணல்களில் புதிதாக எதுவும் வராத நிலை வந்தால் நிறுத்தலாம். அந்த நிலை வரும் முன்பே "பத்து முடிஞ்சுது" என்று நிறுத்துவதுதான் தவறு.

ஒருவர் காட்டிய ஆளிடம் போய், அவர் காட்டும் அடுத்த ஆளிடம் போகும் முறை இங்கே சுலபமாக வேலை செய்யும், ஏனென்றால் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அதிலேயே பொறியும் இருக்கிறது. சொந்தக்காரர், ஒரே கோயில் நிர்வாகம், ஒரே சாதி, ஒரே கட்சி என்று ஒரே வட்டத்துக்குள் சுற்றிவிட்டு, ஊர் முழுவதையும் கேட்டதாக நினைத்துவிடுவோம். இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. ஒவ்வொரு நேர்காணலின் முடிவிலும், "உங்களோடை இந்த விசயத்திலை ஒத்துப்போகாத ஆள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ, அவையோடையும் கதைக்க வேணும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்வார்கள், சந்தோசமாகவே சொல்வார்கள்.

அனுமதி

அரச உத்தியோகத்தர்களைச் சந்திக்க நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் எழுதிய கடிதம் வேண்டும். பிரதேச செயலாளருக்கு முகவரியிட்டு, கிராம சேவையாளருக்குப் பிரதி வைத்து, ஆய்வின் நோக்கம், காலம், பொறுப்பானவரின் பெயர் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். பல்கலைக்கழக ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கும் முன் ஒருவரையும் நேர்காண வேண்டாம்.

ஊருக்குள் போகும்போது கிராம சேவையாளருக்குச் சொல்லிவிட்டுப் போவது மரியாதையும் பாதுகாப்பும். வயதானவர்கள் இன்னும் "விதானையார்" என்றுதான் சொல்வார்கள், அந்தச் சொல்லுக்கு இன்னும் பாரம் இருக்கிறது. அதனால்தான் அவர் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கும் நேர்காணலில் ஒருவரும் மனம் திறக்க மாட்டார்கள். உதவித் திட்டப் பட்டியலில் தன் பெயரை எழுதுகிறவர் முன்னால் யார் குறை சொல்வார்? அறிமுகம் செய்துவைக்கச் சொல்லுங்கள். பிறகு நன்றி சொல்லி, தனியே இருந்து கதையுங்கள்.

கேள்விகளை எழுதுதல்

ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கேள்வி வழிகாட்டி போதும். ஏழெட்டுப் பெரிய கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் துருவிக் கேட்க இரண்டு மூன்று. படிவம் போல வரிசையாக வாசித்துக்கொண்டு போகக்கூடாது, கதை போகிற பக்கம் நீங்களும் போக வேண்டும்.

"உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் மாசடைதலுக்கான பிரதான காரணிகள் எவை?" என்று கேட்டால் பாடப்புத்தக விடைதான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்தக் கிணத்துத் தண்ணியை இப்ப என்னத்துக்கெல்லாம் பாவிக்கிறியள்? முந்தி எப்பிடி?" "கடைசியா எப்ப கிணறு இறைச்சது? அப்ப என்ன கண்டனீங்கள்?" "சவர் முதல் எந்தக் கிணத்திலை தெரிஞ்சது?" நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். காரணத்தைக் கேட்டால் அபிப்பிராயம் வரும். இரண்டும் தேவைதான், ஆனால் நடந்தது முதலில்.

ஆண்டுகள் யாருக்கும் சரியாக ஞாபகம் இருப்பதில்லை, நிகழ்ச்சிகள் ஞாபகம் இருக்கும். 1995 இடப்பெயர்வுக்கு முன்பா பிறகா, 2008 இல் நிஷா புயல் வெள்ளம் வந்தபோதா, 2021 இல் உரம் கிடைக்காமல் போன போகத்திலா என்று கேட்டால் காலம் பிடிபடும். இடப்பெயர்வைத் தொடும்போது மட்டும் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சிலருக்கு அது வெறும் ஆண்டுக் குறி. சிலருக்கு வீட்டில் ஒருவர் இல்லாமல் போன ஆண்டு. கண் கலங்கினால் கேள்வியை விட்டுவிட்டு இருங்கள், தண்ணீரின் கதைக்கு அவசரமில்லை.

இன்னொன்று. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 காலத்தில் பெரிதாக வெடித்த பிறகு, வலிகாமத்தில் தண்ணீர் என்றாலே பலருடைய விடை எண்ணெயில்தான் தொடங்கும். அதை மறிக்காமல் முழுவதும் சொல்ல விடுங்கள். அந்தக் கவலை அவர்களுக்கு உண்மையானது. பிறகு மெதுவாக, "எண்ணெய் பிரச்சினைக்கு முன்னம் இந்தத் தண்ணி எப்பிடி இருந்தது?" என்று திருப்புங்கள்.

நேர்காணல் நடக்கும்போது

நேரத்தை அவர்கள் வேலையைப் பார்த்துக் கேளுங்கள். தோட்டக்காரருக்கு இறைப்பு முடிந்த பிறகு, கடற்றொழிலாளர் என்றால் மீன் விற்று வலையைச் சீராக்கிய பிறகு, உத்தியோகத்தர் என்றால் பொதுமக்கள் தினம் இல்லாத நாளில். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும், நெல் வெட்டுக் காலமும், நவம்பர் கடைசி வாரமும் களவேலைக்கு ஏற்ற காலங்கள் இல்லை.

தொடங்கும்போது நான்கு விடயங்களைச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள், சொல்வது எங்கே போகும், விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து என்றதும் சிலர் பின்வாங்குவார்கள். எதற்கெதற்கோ கையெழுத்து வைத்துக் கரைச்சல் பட்ட மக்கள் இவர்கள். வாய்மொழிச் சம்மதத்தை உங்கள் கொப்பியில் திகதியோடு குறித்துக்கொள்ள அனுமதி இருக்கும்படி ஆய்வை முதலிலேயே அமையுங்கள். ஒலிப்பதிவுக்குத் தனியாகக் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் கைத்தொலைபேசியை உடனே பைக்குள் வையுங்கள். மேசையில் கவிழ்த்து வைத்தாலும் அவர்கள் கண் அதில்தான் இருக்கும்.

"எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போட்டினம், ஒண்டும் நடக்கேல்லை." இதை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். போர் முடிந்த 2009 இற்குப் பிறகு வடக்கில் ஒரே குடும்பத்தை எத்தனையோ நிறுவனங்கள் கேள்வி கேட்டிருக்கின்றன. அதற்கு விடையாக வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். "திட்டம் வருமா எண்டு எனக்குத் தெரியாது அம்மா. நீங்கள் சொன்னது அறிக்கையிலை வரும், அறிக்கை முடிஞ்சதும் வந்து சொல்லுவன்" என்று உண்மையைச் சொன்னால் போதும். சொன்னபடி திரும்பிப் போகவும் வேண்டும்.

தேநீர் தந்தால் குடியுங்கள். எந்த வீட்டிலும் குடியுங்கள். ஒரு வீட்டில் குடித்து, இன்னொரு வீட்டில் "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்று சொன்னால் அதற்கு இந்த ஊரில் என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். நிலத்தில் பாய் போட்டால் பாயில் இருங்கள்.

கேட்டுவிட்டுக் கொஞ்சம் மௌனமாக இருக்கப் பழகுங்கள். புதியவர்கள் பலர் இடைவெளியைப் பார்த்துப் பயந்து அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். யோசித்துச் சொல்ல வந்தது அதோடு போய்விடும். கடைசிக் கேள்வி எப்போதும் "நான் கேக்காமல் விட்டது ஏதும் இருக்கோ?" என்பதாக இருக்கட்டும். கொப்பியை மூடிய பிறகு படலையடியில் நின்று சொல்வதும் தகவல்தான், ஆனால் அதை எழுதலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்றிரவே எழுதுங்கள்

குறிப்பை விரித்து எழுதுவதை அடுத்த நாளுக்குத் தள்ளக்கூடாது. பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: அவர் தன் கண்ணால் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, அவருடைய அபிப்பிராயம். உங்களுடைய எண்ணத்தை வேறு நிற மையில் ஓரத்தில் எழுதுங்கள். முக்கியமான வாக்கியங்களை அவர் சொன்ன பேச்சிலேயே வைத்திருங்கள். உரைநடைக்கு மாற்றும்போது பாதி உயிர் போய்விடும், சில வேளை பொருளும் மாறிவிடும்.

பிறகு ஒப்பிடுதல். பரிசோதகர் "குழிகள்தான் காரணம்" என்கிறார், போதனாசிரியர் "உரம்தான்" என்கிறார், தோட்டக்காரர் "பக்கத்து வளவில் புதிதாகக் கட்டிய மலசலகூடம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்றவருடைய பொறுப்பைக் காட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். யார் சொன்னது சரி என்று நீங்கள் தீர்ப்பளிக்க வேண்டாம். நீர்ப் பரிசோதனை முடிவையும், குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தையும், உரக்கடைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரண்பாடு தீராவிட்டால் தீரவில்லை என்றே அறிக்கையில் எழுதுங்கள். இருபது பேரிடம் கேட்டுவிட்டு "65 வீதமானோர் கருதுகின்றனர்" என்று மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். இந்த முறை வீதம் காட்டுவதற்கானதில்லை.

கலந்தாய்வுக்கு யாரை அழைப்பது

இந்த இடத்தில்தான் ஆய்வுகள் அதிகம் வழுக்குகின்றன. ஒரு தாளில் நான்கு கட்டம் கீறி, அதிகாரம் கூடியவர், குறைந்தவர், பாதிப்பு கூடியவர், குறைந்தவர் என்று பெயர்களை நிரப்புங்கள். பாதிப்பு கூடி, அதிகாரம் குறைந்த கட்டம் வெறுமையாக இருந்தால் உங்கள் பட்டியல் பிழை.

பயனடைகிறவர்கள் மட்டும் பங்குதாரர் ஆகமாட்டார்கள். யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்த அந்தத் திட்டம், இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவருவதாக இருந்தது. தங்கள் வயலுக்கே தண்ணீர் போதாமல் போகும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறகு திட்டம் கடலை நோக்கித் திரும்பியது. தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. தண்ணீர் குடிக்கப் போகிறவர் ஒரு மாவட்டத்தில், தண்ணீரைக் கொடுக்க வேண்டியவர் இன்னொரு மாவட்டத்தில். கடல் என்றதும் கரையில் தொழில் செய்பவர்களும் பங்குதாரர் ஆகிவிடுகிறார்கள். எங்கிருந்து எடுக்கிறோம், கழிவு எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டால் பட்டியல் தானாக நீளும்.

நம்முடைய உதாரணத்தில் கிணற்றுப் பங்குகளையும் மறக்கக்கூடாது. பல தோட்டக் கிணறுகள் பங்குக் கிணறுகள். கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் காணி உறுதியிலேயே எழுதியிருக்கும். அந்தப் பங்காளிகளில் ஒருவர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். குத்தகைக்குத் தோட்டம் செய்கிறவர் கூட்டத்துக்கு வருவார், ஆனால் கிணற்றை மாற்ற அவரால் உடன்பட முடியாது. வெளிநாட்டில் இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்டு, அந்தக் கருத்தையும் சேர்த்து வையுங்கள். 1990 இல் வெளியேற்றப்பட்டு மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள், உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து காணி விடுபட்டுத் திரும்பிய வலிகாமம் வடக்கு மக்கள், காணியில்லாமல் பிறர் கிணற்றில் அள்ளுகிறவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். தேடிப் போக வேண்டும்.

இடம், நேரம், பேச்சு

கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே காலாகாலமாக உள்ளே விடப்படாதவர்களின் பிள்ளைகள் வந்து முன்வரிசையில் இருந்து கதைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சனசமூக நிலையமும் எல்லோருக்கும் பொது என்று முடிவுகட்ட வேண்டாம், அது எந்தக் குறிச்சியில் இருக்கிறது என்று பாருங்கள். பாடசாலை பெரும்பாலும் பரவாயில்லை. சந்தேகமென்றால் ஒரே பெரிய கூட்டத்துக்குப் பதிலாக வேறு வேறு குறிச்சிகளில் சிறிய கூட்டங்கள் வையுங்கள்.

பெண்களோடு தனியாக ஒரு கூட்டம் கட்டாயம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் மூலமாக அழைக்கலாம், பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரத்தில். தண்ணீர் அள்ளுவதும் குழந்தைக்குப் பால் கரைப்பதும் யார் என்று யோசித்தால், இதை மேலதிக வேலையாக எண்ண மாட்டீர்கள். நெடுந்தீவு போன்ற இடங்களில் என்றால் குறிகாட்டுவானிலிருந்து போகும் படகு நேரத்தை வைத்துத்தான் கூட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். தீவு மக்களை யாழ்ப்பாண நகரத்துக்கு அழைப்பது அவர்களுடைய ஒரு நாள் உழைப்பைப் பறிப்பது.

அழைப்போடு திட்டத்தின் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில், ஒரு வாரமாவது முன்னதாகக் கொடுங்கள். ஆங்கில ஸ்லைடைத் திரையில் காட்டி "கருத்து ஏதும்?" என்று கேட்பது கலந்தாய்வு ஆகாது. கூட்டத்தில் எவையெவை ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டன, எவற்றை இன்னும் மாற்றலாம் என்று முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாற்ற ஒன்றுமே இல்லையென்றால் கூட்டம் வைக்க வேண்டாம், அறிவித்தல் போடுங்கள்.

தலைவர்கள் முதலில் கதைத்தால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே முதல் அரை மணித்தியாலம் நான்கைந்து பேராகச் சிறு குழுக்களில் இருத்துங்கள். குறிப்பெடுக்கத் தனியாக ஒருவர் வேண்டும், கூட்டத்தை நடத்துகிறவரால் அது முடியாது. எதிர்த்துச் சொன்னதையும், சொல்லாமல் எழுந்து போனவர்களையும் குறிப்பெடுங்கள். வரவுத் தாளில் கையெழுத்து வைப்பது "வந்தேன்" என்பதற்கு மட்டும் என்று அந்தத் தாளின் தலைப்பிலேயே அச்சிடுங்கள், பிறகு அது சம்மதத்துக்குச் சான்றாக எங்கேயும் இணைக்கப்படக் கூடாது.

பெயரை மறைத்தால் மட்டும் போதாது

யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம சேவையாளர் பிரிவுகள். பெயரை எடுத்துவிட்டு "இந்தப் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறியதாவது" என்று எழுதினால், அது யார் என்று வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். "ஒரு சுகாதார உத்தியோகத்தர்" என்று எழுதுங்கள், பிரிவைச் சொல்லாதீர்கள். அவருக்குத் தீங்கு வரக்கூடிய கூற்றென்றால், நல்ல கூற்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒலிப்பதிவுகளைப் பூட்டிய கோப்பில் வைத்து, எந்தத் திகதியில் அழிப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். களப் படங்களைச் சொந்த முகநூலில் போடுவது வேண்டவே வேண்டாம்.

திரும்பிப் போதல்

வரைவு அறிக்கை முடிந்ததும், அச்சுக்குப் போகும் முன், அதே ஊர்களுக்குத் திரும்பிப் போங்கள். இதற்கான நாளையும் பணத்தையும் ஆய்வின் வரவு செலவில் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. மூன்று நிரல் கொண்ட ஒரு அட்டவணையைக் கொண்டுபோங்கள்: நீங்கள் சொன்னது, அதனால் திட்டத்தில் மாறியது, மாறாவிட்டால் ஏன். மூன்றாவது நிரலை எழுதக் கஷ்டமாக இருக்கும். அதைத்தான் மக்கள் முதலில் வாசிப்பார்கள். "குழாய்க்கிணறு வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் இரண்டு இடத்தில் வருகிறது, காரணம் இது" என்று முகத்துக்கு நேரே சொன்னால் கோபப்படுவார்கள். ஆனால் அடுத்த முறை வரும்போது படலையைத் திறப்பார்கள்.

அந்த அட்டவணையின் பிரதிகளைச் சனசமூக நிலைய அறிவித்தல் பலகையிலும், கமநல சேவை நிலையத்திலும், கூட்டம் நடந்த பாடசாலையிலும் ஒட்டுங்கள். அடியில் அலுவலகத் தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். உங்கள் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்த அழைப்புக்குப் பதில் சொல்லப் போகிறவர் யார் என்று, ஒட்டுவதற்கு முன்பே பொறுப்பதிகாரியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.